போதிக்க வந்தோர் கற்ற பாடம்

ஒருவருடைய சமயப் பற்றை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அவர் ஏறி நின்று பேசும் மேடையையே நோக்குவர். மேடைப் பேச்சு ஆயத்தஞ் செய்துகொண்ட பேச்சு. அதனை அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவிலும், உணவு ஒவ்வாத பகலிலும், சொன்னது விளங்காமல் அயலார் நகைக்கும் சந்தையிலும் ஒருவர் எவ்வாறு ஒழுகுகின்றாரோ அதுவே அவர் பற்றின் உரைகல். சொந்த ஊரில் வாழ்வோரை உற்றாரும் ஊர்வழக்கும் தாங்கிக் கொள்ளும். கடல் கடந்து சென்று பிற மக்களிடையே தம் சமயத்தைச் சொல்லப் புகுந்தவர்க்கு அத்தாங்கல் இல்லை. அவர்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பற்றிப் பேச்செழுந்தால் அவை உடனே இருபாற்படுகின்றது. ஒருபாலார், எமக்குக் கல்விக் கண் திறந்தவர் அவரே என்று பாமாலை சூட்டுவர். மற்றொருபாலார், சோறும் உத்தியோகமுங் காட்டி மதம் மாற்ற வந்தவர் என்று குற்றம் அடுக்குவர். இருபாலாரிடத்தும் சான்றுகள் உண்டு. ஆதலால் வழக்குத் தீர்வதில்லை. கட்டிய பாடசாலை எத்தனை, மாறிய குடும்பம் எத்தனை என்று எண்ணிக் கணக்குப் பார்க்கும் இவ்விரு திறத்தாரும், வந்தவர்கள் இங்கே தம் நாளை எவ்வாறு கழித்தார்கள் என்பதை நோக்குவதில்லை. அதனை நோக்கின் வேறொரு முடிவு கிடைக்கும் என்பது எம் கருத்து. போதிக்க வந்தோர் எந்த அளவுக்கு மாணாக்கராயினரோ அந்த அளவுக்கே அவர் பணி இம்மண்ணில் நிலைத்தது. எங்கே கற்க மறுத்தனரோ அங்கே அஃது உதிர்ந்தது. சைவ மரபிலே பிறந்து தமிழ் கற்பித்து வாழும் எமக்கு இதனைச் சொல்வதில் தயக்கம் யாதும் இல்லை.

வந்தவர் யார் என்பதை முதலிற் சுருங்கக் கூறுவோம். 1812ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கீழைத்தேயம் நோக்கி வந்த முதற் குழுவினருள் சாமுவேல் நியூவெல் என்பவரும் அவர் மனைவி ஹாரியட்டும் இருந்தனர். ஹாரியட் பத்தொன்பதாம் வயதில் மொரீசியசுத் தீவில் இறந்தார். மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியே 1813இல் இலங்கைக்கு வந்த நியூவெல், மிஷன் பணிக்கு ஏற்ற இடம் யாழ்ப்பாணம் என்று தம் நாட்டுச் சங்கத்துக்கு எழுதினார். அதன் பயனாக 1815 ஒக்டோபரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் துறையிலிருந்து 'டிரயாட்' என்னும் பாய்க்கப்பல் ஒரு குழுவினரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது கொழும்பை அடைந்தது 1816 மார்ச் மாதத்தில். அவ்வாண்டு முடியுமுன் டானியல் பூவரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழையிலும், ஜேம்ஸ் ரிச்சட்ஸும் பெஞ்சமின் மெய்க்ஸும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர்.

கப்பல் வர ஐந்து மாதம் எடுத்தது என்றால் கடிதம் வரவும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டும். தாய் நோயுற்றாள் என்ற கடிதம் கைக்கு எட்டும்போது அவள் பிழைத்தெழுந்திருத்தலும் கூடும், மண்ணாகியிருத்தலும் கூடும். தாம் எழுதும் மறுமொழி போய்ச் சேர இன்னும் ஐந்து மாதம். அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடமோ முன்னை ஆட்சியாளர் விட்டுப்போன பழைய கோயிற் கட்டடங்கள். கூரை இழந்து சுவர் மட்டும் நின்றவை. பனைமரம் தறித்துச் சலாகை அமைத்து, ஓலை வேய்ந்து, அவற்றைக் குடியிருக்கத் தக்கனவாக்கும் வேலையே அவர்களுடைய முதற் பிரசங்கமாயிற்று. அவ்வேலைக்கு வேண்டிய சொல்லெல்லாம் ஊர்த் தச்சரிடமும் ஓலை வேய்வோரிடமும் கற்கவேண்டியிருந்தது.

பின்னர் வந்தது மரணம். வாரன் சயரோகத்தால் மெலிந்து, உடல்நலம் நாடிக் கப்பலேறி, 1818இல் கேப்டவுனில் இறந்தார். பூவரின் மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். 1822இல் ரிச்சட்ஸும் அங்கே இறந்தார். தோன்றி ஆறாண்டும் நிரம்பாத ஒரு சிறு குழுவுக்கு இத்தனை புதைகுழிகள். அதற்குள் 1820இல் ஆள்பதி எட்வேட் பான்ஸ் புதிய அமெரிக்கப் போதகர்கள் வந்து சேர்வதைத் தடுத்துவிட்டார். அத்தடை 1833 வரை நீங்கவில்லை. இறந்தோர் இடத்துக்கு ஆள் வராத அந்தப் பதின்மூன்று ஆண்டுகளே அவர்களைத் தமிழரிடம் நெருங்கச் செய்தன என்று எமக்குத் தோன்றுகின்றது. துணைக்கு வேறு ஆள் இல்லாதபோது அயலானைத் துணையாகக் கொள்ளவேண்டும். துணையாக்க வேண்டுமாயின் அவனைக் கற்பிக்கவேண்டும். கற்பிக்க அவன் மொழியை முதலிற் கற்கவேண்டும். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

குடும்பத்தோடு வந்தவர் பட்ட துயர் வேறு வகையது. உடுவிலிலே 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹாரியட் வின்சுலோ அம்மையாரை எண்ணுக. மிஷன் குடும்பத்துப் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும் வழக்கம் அக்காலத்தில் உருவாகி வந்தது. கல்வி, உடல்நலம், எதிர்காலம் ஆகிய மூன்றும் காரணமாகச் சொல்லப்பட்டன. அம்மையார் தம் மகன் சாள்ஸை அவ்வாறே அனுப்பினார். பதினொரு வயதுச் சிறுவன் 1832இல் அங்கே இறந்துபோனான். செய்தி கடல் கடந்து வருவதற்கிடையில் தாய் அவனுக்கு எழுதிய கடிதங்கள் எங்கே போயிருக்கும்? மறு ஆண்டின் தொடக்கத்தில் அம்மையாரும் உடுவிலில் உயிர்நீத்தார். தம் பிள்ளையைக் கடலுக்கப்பால் விடுத்துப் பிறர் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து வளர்த்த அந்த வாழ்வைப் பற்று என்போமா, பிழை என்போமா? பற்றுடைமையும் பிழையும் ஒரே செயலில் விரவி நிற்றல் உண்டு என்பதை வரலாறு கற்போர் மறத்தலாகாது.

அம்மையார் நடத்திய பாடசாலையின் தோற்றம் பற்றி உடுவிலில் ஒரு கதை வழங்குகின்றது. தையல் வேலை பார்க்க வந்த சிறுமியர் இருவர் மழையில் அகப்பட்டு அவ்வீட்டில் தங்கநேர்ந்தது. பசி வருத்தியும் அவர் சோறுண்ண மறுத்தனர். தேடி வந்த தந்தை உடன்பட்ட பின்னரே உண்டனர்; விடுதிக்கு வித்து அதுவே என்பர். இக்கதையின் நுண்ணிய பொருள் சோற்றிலே உள்ளது. அக்காலத்து விடுதிகளில் மிஷன் வளவிற் சமைத்த உணவைப் பிள்ளைகள் தொடார். உயர்சாதிச் சமையற்காரர் வேறிடத்திற் சமைத்துப் பரிமாறவே உண்டனர். மனிதர் யாவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று காலையிற் போதித்தவர், நண்பகலில் இவ்வேற்பாட்டுக்கு இணங்கவேண்டியிருந்தது. இணங்காவிட்டால் பாடசாலை இல்லை. இணங்கினால் போதனைக்கு உயிரில்லை. காலப்போக்கில் ஒரே பந்தி என்னும் ஒழுங்கு மெல்ல மெல்ல வந்தது. நம்மவர் அதனை மிஷன் செய்த அநீதி என்று அன்று முறையிட்டனர். அம்முறையீட்டை இன்று வாசிக்கும்போது நாணவேண்டியவர் நாமே என்பதைச் சொல்லாமல் விடுவது நடுவுநிலைமை ஆகாது.

அவர் நாணவேண்டிய இடமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பணம் உதவியோரின் பெயரை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சூட்டினர். அம்பலவாணரும் வைத்திலிங்கமும் பிறர் பெயரைச் சுமந்து திரிந்தனர். ஒரு பிள்ளையின் பெயர் அவன் பாட்டனுடைய பெயர். குலத்தின் நினைவு அதிலே உறைகின்றது. அதனைக் கொடையாளருக்குக் கைம்மாறாகக் கொடுத்தமை எவ்வகையாலும் பொருந்தாது. உடுவிலிற் கற்றுக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்களுக்கு மிஷன் சீதனங் கொடுத்து வந்ததும் அவ்வாறே. ஊர்வழக்கை அறிந்து இணங்கியது போல அது தோன்றினும், நம் வழக்குகளுள் இழிந்த ஒன்றை எடுத்துத் தம் நோக்கத்துக்குத் துணையாக்கியதே உண்மை. சீதனம் பின்னர் கைவிடப்பட்டது. பெயர்கள் மட்டும் பழைய இடாப்புகளிலே கிடக்கின்றன.

இனி மொழிக்கு வருவோம். பண்டிதன் ஒருவன் இப்பொருள் பற்றி எழுதுவதற்கு உரிமை உண்டாயின் அது இவ்விடத்திலேயே உண்டு. வந்தவர்களுக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. ஏட்டில் எழுதப்பட்டது, புள்ளி இடாதது, சொற்கு இடையே இடம் விடாதது. எழுத்தைக் கற்றாலும் ஏட்டை வாசிக்க இயலாது. ஏட்டை வாசித்தாலும் ஊரார் பேச்சு விளங்காது. பேச்சு விளங்கினும் புலவர் முன் வாய்திறக்க இயலாது. இம்மூன்று படியையும் ஏறுவதற்கு அவர்க்கு ஆசிரியர் வேண்டும். தம் நாட்டுக் கல்லூரிகளிலே இலத்தீனும் கிரேக்கமும் ஓதித் தேர்ந்தவர்கள், இங்கே விறாந்தையில் ஒரு தமிழாசிரியர் முன் அமர்ந்து, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நாவைத் திருப்பிக் கொண்டிருந்தனர். ஆசிரியரோ நெற்றியில் நீறு துலங்கக் காலையில் வந்து, பாடஞ் சொல்லி, சம்பளம் பெற்று, மாலையிற் கோயிலுக்குப் போனவர்.

இவ்வுறவின் விந்தையை நாம் போதியவாறு எண்ணிப் பார்த்ததில்லை. மாணவர் ஆசிரியருடைய சமயத்தை மாற்ற வந்தவர். ஆசிரியர் மாணவருடைய நோக்கத்தை அறிந்தவர். அறிந்தும் அவர் இலக்கணத்தை ஒளித்துச் சொல்லவில்லை; பிழையான சொல்லைச் சரியென்று ஒப்பவில்லை. மொழியின்பால் இருவர்க்கும் இருந்த மதிப்பு அவர்களுக்கிடையே ஒரு நடுநிலமாயிற்று. மைரன் வின்சுலோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அதற்கு அடிகோலியவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த யோசேப்பு நைட் என்னும் ஆங்கிலேயப் போதகர். அதற்கு முன் 1842இலேயே மானிப்பாய் அகராதி வந்துவிட்டது. இவற்றின் முகப்பிலே போதகர் பெயர் விளங்குகின்றது. சொற்களைச் சேர்த்தும், பொருள் பிரித்தும், ஐயம் அறுத்தும் உதவிய தமிழாசிரியர்களுள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? மிகச் சிலரையே. அவர் பெயரைப் போதகர் மறந்தது ஒரு குறை; நாமும் தேடாதது அதனினும் பெரிய குறை.

பெயர் மறையாத ஒருவர் ஆறுமுக நாவலர். அவர் உதவியது அமெரிக்க மிஷனுக்கு அன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் என்பவருக்கு. கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் நடையைச் செப்பஞ் செய்தவர் பழுத்த சைவராகிய நாவலரே என்பது யாவரும் அறிந்தது. அதே நாவலர் 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிழமைதோறும் பிரசங்கம், அச்சுக்கூடம், வகுப்பு வகுப்பாகப் பாடநூல் என்னும் முறைகளையெல்லாம் அவர் எங்கே கண்டார்? போதகர் வளவிலே கண்டார். ஆகவே பேர்சிவல் நாவலரிடம் தமிழ் கற்றார்; நாவலர் பேர்சிவலிடம் முறை கற்றார். இருவரும் தத்தம் சமயத்தை விட்டாரல்லர்.

செமினரியிலும் இதுவே நிகழ்ந்தது. 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் வேறுபாடு கண்டது. பூவர் கணக்கே பொருந்திற்று. கணக்குப் பிழைத்தால் சமயமும் பிழைத்தது என்று ஊரார் முடிவு செய்வர் எனப் பூவர் எதிர்பார்த்தார். ஊராரோ கணக்கை ஏற்றுக்கொண்டு சமயத்தை விடாது நின்றனர். மேடையில் வென்ற வெற்றி அவ்வளவில் முடிந்தது. பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்டன் வேறு வழியிற் சென்றார். சைவத்தை மறுக்கவேண்டுமாயின் அதனைக் கற்கவேண்டும் என்று கொண்டு, சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டில் வரச் செய்தார். மறுக்கப் புகுந்தவர் கையால் நம் சித்தாந்த நூல்கள் முதன்முதல் மேனாட்டார் கண்ணிற் பட்டன. அவர் விளக்கத்திற் பிழை காணலாம். ஆயினும் பிறர் சமயத்தை மூல நூலிற் கற்ற பின்னரே பேசவேண்டும் என்னும் அந்நெறியிற் பிழை காணல் இயலாது. இன்று பிற சமயத்தைப் பழிப்போருள் எத்தனை பேர் அதன் நூலொன்றைத் தொட்டவர்?

இவ்விடத்து மாணவர் சிலர் ஒரு தடை எழுப்புவர். "அழிக்க வந்தவன் ஆயுதந் தீட்டக் கற்றதைக் கல்வி என்று புகழலாமா?" என்பர். நல்ல தடையே. நோக்கத்தை நாம் புகழவில்லை. ஒருவன் எந்நோக்கத்தோடு ஒரு மொழியைக் கற்கத் தொடங்கினும், பத்தாண்டு அதனோடு வாழ்ந்த பின் அவன் தொடங்கிய மனிதனாகவே இருப்பதில்லை. மொழி கற்பவனை மாற்றும். செமினரியின் வரலாறே இதற்குச் சான்று. 1854, 1855ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அன்டர்சன் தலைமையில் ஒரு குழுவினர் வந்து கணக்குப் பார்த்தனர். கற்றவர் ஆங்கிலம் பயின்று அரசாங்க உத்தியோகம் நாடினரேயன்றித் திருச்சபைப் பணிக்கு வந்தவர் வேண்டிய அளவு இல்லை என்று கண்டனர். 1855இற் செமினரி மூடப்பட்டது. அக்கணக்கின்படி அது தோல்வி. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்பு சைவராய் வாழ்ந்து, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றினார். இந்த வரவை அன்டர்சன் குழுவினர் எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பர்?

பூவர் அவ்வாண்டிலேயே, 1855 பெப்ரவரியில், மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். முப்பத்தொன்பது ஆண்டு தமிழரிடையே வாழ்ந்தவருடைய செமினரியும் அவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். மானிப்பாயில் அப்போது பணிபுரிந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றியே இனிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். எம் கருத்துக்கு உயிரான சான்று அவரே.

வைத்தியர் சாமுவேல் கிறீன் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தவர். 1847இல், இருபத்தைந்தாம் வயதில், யாழ்ப்பாணம் வந்தார். இடையில் ஐந்தாண்டு தவிர 1873 வரை இங்கே வாழ்ந்தார். நோயாளரைப் பார்ப்பதோடு அவர் அமையவில்லை. தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவர்க்குப் புலப்பட்டது. ஆங்கிலத்திற் கற்றவன் சம்பளம் நாடி அரசாங்க வேலைக்குப் போகின்றான். கிராமத்து நோயாளி கிடந்தபடியே கிடக்கின்றான். தமிழிற் கற்றவனோ தன் ஊரிலே தங்குவான். 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளியேறினர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே? கிறீனும் சாப்மன், டான்வோர்த் முதலிய மேனாட்டுப் பெயர் பூண்ட அவருடைய தமிழ் மாணவரும் அமர்ந்து நூல்களை ஆக்கினர். பிரசவ வைத்தியம் 1857இலும், இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. ஈற்றில் நின்ற இரண்டும் அவர் நாடு திரும்பிய பின் வந்தவை. பெரும் பக்கமுள்ள இந்நூல்களிற் கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் கொண்ட நெறி தெளிவானது: தமிழிற் சொல் உண்டா என்று முதலில் தேடுக, இல்லையேல் வடமொழியில் நாடுக, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசையத் திரித்துக் கொள்க. கெமிஸ்தம் என்பது மூன்றாம் வகை. அங்காதிபாதம் என்னும் சொல்லை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது. தலைமுதல் அடிவரை உறுப்புக்களை முறையாகப் பாடும் கேசாதிபாதம் என்னும் மரபு நம் இலக்கியத்தில் உண்டு. உடலுறுப்பு நூலுக்கு அம்மரபின் வாய்பாட்டிலே பெயர் அமைந்திருத்தல், ஆக்கியோர் தமிழை அகராதியில் மட்டும் கற்றவரல்லர் என்பதைக் காட்டுகின்றது.

கிறீன் தம் சமயத்திற் சிறிதும் தளராதவர். நோயாளிக்கு மருந்தோடு வேதவசனமும் கொடுத்தவரே. ஆயினும் கிறிஸ்தவராகும் தமிழர் சட்டையும் சப்பாத்தும் அணிந்து மேனாட்டவராய்த் திரிதலை அவர் விரும்பினாரல்லர். சமயம் வேறு, நடையுடை வேறு என்று கண்டவர் அவர். அவர்க்கு அதனைக் கற்பித்தது எந்த நூலும் அன்று. நாள்தோறும் திண்ணையிலே நோயாளியோடு அமர்ந்து, எங்கே நோகின்றது, எப்போது தொடங்கிற்று, என்ன உண்டாய் என்று அவன் மொழியிலே கேட்ட கேள்விகளே கற்பித்தன. 1884இல் வூஸ்டரில் இறந்த அவர், தம்மைத் தமிழர்க்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்றே கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்று விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. பிறந்த மண்ணிலே புதைக்கப்பட்டும் அடையாளமாக நம் பெயரைக் கொண்டார்.

மற்றொருவர் உடுவிலை நாற்பதாண்டாக நடத்தி உயர்த்திய எலைசா அக்னியூ அம்மையார். நியூயோர்க்கிலே எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் அமர்ந்திருந்தபோது, ஹாரியட் நியூவெல் இறந்த தீவை ஆசிரியர் படத்திற் சுட்டிக் காட்டினார். தானும் அவ்வாறு போகவேண்டும் என்று சிறுமி துணிந்தாள். பெற்றோரை அவர் இறுதிவரை பேணிய பின் 1840இல் இங்கு வந்தார். 1842 முதல் 1879 வரை உடுவிலின் அதிபராயிருந்தார். 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை ஒருமுறையேனும் நாடு திரும்பவில்லை. தம் முதல் மாணவியரின் மகளிரையும் பேர்த்தியரையும் கற்பித்தார். மணமாகாத அவரை ஆயிரம் புதல்வியரின் அன்னை என்றனர். ஒருமுறை விரல்நீட்டிக் காட்டிய ஓராசிரியரின் செயல் எத்தனை தலைமுறையைத் தொட்டது! ஆசிரியர்களாகிய நாம் இதனை நினைவிற் கொள்வோமாக.

இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? அமெரிக்க மிஷன் செய்ததெல்லாம் நன்றென்றோ தீதென்றோ தீர்ப்பு எழுதுதல் எம் நோக்கமன்று. பிள்ளையின் பெயரை மாற்றியபோது அவர்கள் கற்க மறுத்தனர், அது நிலைக்கவில்லை. கிரகணத்தை வாதமாக்கியபோது வென்றும் தோற்றனர். விறாந்தையில் அமர்ந்து எழுத்துக் கற்றபோதும், திண்ணையில் அமர்ந்து நோய் கேட்டபோதும், பிறர் பிள்ளையின் தலையை வாரியபோதும் அவர் பற்று மண்ணில் வேர்கொண்டது. 2024இல் உடுவிற் பாடசாலைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தது. அவ்வேர் இன்னும் காயவில்லை.

இஃது இறந்தகாலக் கதையாக முடிவதொன்றன்று. இன்று கடல் கடந்து போவோர் நம்மவர். கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் நம் குருமாரும் போதகரும் பணிபுரிகின்றனர். அங்கே பிறந்த பிள்ளைகள் வேறு மொழியிற் சிந்திக்கின்றனர். அப்பிள்ளைகளின் மொழியையும் அயலாரின் வழக்கையும் கற்க முயலாமல், மேடையிலிருந்து மட்டும் சமயஞ் சொல்வோமாயின், பூவரின் கிரகண வாதத்தையே நாம் திரும்பவும் நடத்துகின்றோம். பணத்தாற் கட்டிய கோபுரம் உயரலாம். திண்ணை இல்லாத கோபுரத்தடியில் எவர் அமர்வார்?

உள்ளூரிலும் கடன் உண்டு. நம் நாட்டில் இன்றும் வைத்தியக் கல்வி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் வெளிநாடு சென்றமை யாவரும் அறிந்தது. கிறீன் தம் முதல் மாணவர்களிடம் கண்டது இதனையே. ஆங்கிலத்தை விடுக என்று நாம் சொல்லவில்லை. அஃது இக்காலத்துக்கு ஒவ்வாது. நோயாளியின் சொல்லை வைத்தியர் அறியவேண்டும். உடலின் உறுப்புக்களுக்கும் நோயின் குறிகளுக்கும் தமிழிலே திட்பமான சொல் வழங்கவேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஓர் அயல்நாட்டவர் ஆக்கித் தந்த சொற்றொகுதி பழைய நூலகங்களிலே தூசி படிந்து கிடக்க, நாம் புதிதாகச் சொல் இல்லையே என்று வருந்துவது நகைப்புக்கிடமன்றோ?

ஆகவே மூன்று வேண்டுகோள். கிறீன் நூல்களை நல்ல முன்னுரையுடனும் சொல்லடைவுடனும் மீண்டும் பதிப்பிக்க நம் பல்கலைக்கழகத்தாரும் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கத்தாரும் கைகோக்கவேண்டும். போதகர்க்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்களின் பெயரையும் ஊரையும் தேடித் தொகுக்கவேண்டும். பழைய பெட்டகங்களில் ஏடோ கடிதமோ வைத்திருக்கும் குடும்பத்தார் அவற்றைச் செல்லுக்கு இரையாக்காது நூலகத்துக்கு உதவவேண்டும். வகுப்பறையில் மிஷன் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், புகழும் பழியும் கூறுமுன், ஒரு கடிதத்தையேனும் ஒரு நாட்குறிப்பையேனும் மாணவர் கையிற் கொடுத்து, "இவர் அன்று என்ன கற்றார்?" என்று கேட்கவேண்டும்.

அக்கேள்வியைப் பழகிய மாணவன் பிற்காலத்தில் எச்சமயத்தவனாய் எந்நாட்டிற் சென்று பணிபுரியினும், தன்னை நோக்கியும் அதனைக் கேட்பான். கற்பிக்கச் செல்வோர்க்கு நாம் கட்டிக்கொடுக்கத் தக்க கட்டுச்சோறு அதனிற் சிறந்தது வேறொன்று இல்லை.